வெப்சைட்ல காப்பி பண்ண விடலன்னா உள்ளுக்குள்ள என்ன நடக்குது?

ஒரு கட்டுரை படிச்சிட்டு இருக்கீங்க, அதுல ஒரு வார்த்தை புரியல, அகராதியில போட்டுப் பார்க்கலாம்னு மவுஸை வச்சு இழுக்குறீங்க, ஒண்ணும் ஆகல. ரைட் கிளிக் பண்ணா வழக்கமா வர்ற மெனு வராம "இந்தப் பக்கம் பாதுகாக்கப்பட்டது"ன்னு ஒரு பெட்டி வந்து நிக்குது. கன்ட்ரோல் சி அழுத்துறீங்க, மறுபடி அதே பெட்டி. நெட்ல புழங்குற யாருக்கும் இது ஒரு தடவையாவது நடந்திருக்கும்.

இதைப் பத்தி கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. "அந்த சைட்டை லாக் பண்ணி வச்சிருக்காங்க, ஹேக் பண்ணாத்தான் எடுக்க முடியும்"னு ஒருத்தர். "தொடாத, தொட்டாலே கேஸ் ஆயிடும்"னு இன்னொருத்தர். "ஒரு எக்ஸ்டென்ஷன் (பிரவுசர்ல கூடுதலா சேர்த்துக்குற சின்ன புரோகிராம்) போட்டா எல்லா சைட்டும் திறந்துக்கும்"னு மூணாவது ஆள். மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா மூணுமே அடிப்படையை விட்டுட்டுப் பேசுது. அந்த அடிப்படை என்னன்னா, நீங்க காப்பி பண்ண முடியாம தவிக்குற அந்த எழுத்து ஏற்கனவே உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. வந்ததாலதான் உங்க கண்ணுக்குத் தெரியுது. இதை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கிடும், அதனால நிதானமா அங்கிருந்தே வரேன்.

## புத்தகத்தோட கூடவே வந்த காவல்காரர்

ஒரு புத்தகம் வேணும்னு கடிதம் எழுதிப் போடுறீங்கன்னு வைங்க. பார்சல் வீட்டுக்கு வருது. உள்ள புத்தகம் இருக்கு, கூடவே ஒரு ஆளும் வந்திருக்காரு. அவரோட வேலை என்னன்னா, நீங்க புத்தகத்தைப் படிக்கும்போது பக்கத்துல நிக்கணும், நீங்க நோட்டும் பேனாவும் எடுத்தா கையைப் பிடிச்சு நிறுத்தணும். அவ்வளவுதான். புத்தகம் உங்க கையில, உங்க வீட்டுல, உங்க மேஜை மேல இருக்கு. அந்த ஆளும் உங்க வீட்டுலதான் நிக்குறாரு, உங்க வீட்டை நிர்வாகம் பண்றவர் "சரி, நில்லுங்க"ன்னு அனுமதிச்சதாலதான் நிக்குறாரு. நிர்வாகிகிட்ட "அவரை வெளிய அனுப்பிடுங்க"ன்னு சொன்னா அவரு போயிடுவாரு, புத்தகம் அப்படியே இருக்கும்.

இதுல வீட்டு நிர்வாகிதான் பிரவுசர். புத்தகம் அந்தப் பக்கத்தோட எழுத்து. காவல்காரர் அந்த சைட் கூடவே அனுப்பி வச்ச சின்ன புரோகிராம். புத்தகம் லைப்ரரி அலமாரியில பூட்டி இருக்குன்னு நினைக்குறதுலதான் பாதிப் பேர் தப்பு பண்றாங்க.

## பார்சலுக்குள்ள என்னென்ன வருது

நீங்க ஒரு முகவரியை டைப் பண்ணி என்டர் அடிச்சதும் பிரவுசர் அந்த முகவரிக்குப் போய் "எனக்கு இந்தப் பக்கம் வேணும்"னு கேக்குது. கேட்கப்படுற அந்தப் பக்கத்து கம்ப்யூட்டருக்குப் பேரு சர்வர். சர்வர் திருப்பி அனுப்புறது பெரும்பாலும் மூணு வகைச் சரக்கு.

முதல் சரக்கு ஹெச்டிஎம்எல். எழுத்து இதுலதான் இருக்கும், எது தலைப்பு, எது பத்தி, எது லிங்க்னு குறிப்போட. ரெண்டாவது சிஎஸ்எஸ். இது அலங்காரம், எழுத்து எந்த நிறம், எவ்வளவு பெருசு, எங்க நிக்கணும்னு சொல்றது. மூணாவது ஜாவாஸ்க்ரிப்ட், அதாவது பக்கத்துக்குள்ள ஓடுற புரோகிராம். பட்டனை அழுத்தினா என்ன ஆகணும், கீழ ஸ்க்ரோல் பண்ணா என்ன வரணும்னு முடிவு பண்றது இது. 1995ல பிரெண்டன் ஐக் பத்து நாள்ல இதோட முதல் வடிவத்தை எழுதினாரு, இன்னைக்கு இது இல்லாத சைட்டைப் பார்க்குறதே அபூர்வம்.

இந்த மூணையும் வாங்கி பிரவுசர் உங்க மெமரியில ஒரு மரம் மாதிரி கட்டி வச்சுக்கும், பக்கம்னு ஒரு வேர், அதுல கிளையா பத்திகள், கிளையில இலையா எழுத்துன்னு. இந்த மரத்துக்குப் பேரு டாம். திரையில தெரியுறது இந்த மரத்தைப் பார்த்து பிரவுசர் வரைஞ்ச படம்.

இதுவரைக்கும் பார்த்ததைச் சுருக்கிச் சொன்னா, சர்வர் அனுப்புது, பிரவுசர் வாங்குது, உங்க மெமரியில மரமா கட்டுது, அதைத் திரையில வரையுது. காப்பி தடைங்குறது இந்த வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு, கடைசிக் கட்டத்துல வர்ற சமாச்சாரம்.

## தடுக்குறது எப்படி

ரொம்ப எளிமையான தடை சிஎஸ்எஸ்ல ஒரே ஒரு வரி. 'யூசர்-செலெக்ட்: நன்'னு எழுதிட்டா போதும், "இந்த எழுத்தை யாரும் செலக்ட் பண்ண வேணாம்"னு பிரவுசருக்கு அர்த்தம். மவுஸை எவ்வளவு இழுத்தாலும் நீலம் பூசாது. இதை ஒவ்வொரு பத்திக்கும் எழுதத் தேவையில்ல, மரத்தோட அடிப்பக்கத்துல, பாடின்னு சொல்ற இடத்துல ஒரு தடவை போட்டா மேல இருக்குற கிளை எல்லாத்துக்கும் பரவிடும்.

அடுத்த வகை ஜாவாஸ்க்ரிப்ட் மூலமா வர்றது, அந்தக் காவல்காரர் இவருதான். இதுக்கு ஈவென்ட்னா என்னன்னு தெரியணும். நீங்க மவுஸை அழுத்தினாலோ, கீயைத் தட்டினாலோ, காப்பி கொடுத்தாலோ, ஒவ்வொண்ணும் பிரவுசருக்கு ஒரு நிகழ்ச்சி, அதுக்குப் பேருதான் ஈவென்ட். பிரவுசர் அந்த வேலையைச் செய்யுறதுக்கு முன்னாடி பக்கத்துல ஓடுற புரோகிராம்கிட்ட ஒரு வார்த்தை கேக்கும், "இவரு ரைட் கிளிக் பண்ணியிருக்காரு, நீ ஏதாவது பண்ணப் போறியா, இல்ல நான் என் வழக்கமான மெனுவைக் காட்டட்டுமா?"ன்னு. அந்த புரோகிராம் "வழக்கமானதைப் பண்ணாத"ன்னு பதில் சொல்லலாம். சொன்னா பிரவுசர் கேட்டுக்கும். மெனு வராது. கன்ட்ரோல் சி கொடுத்தாலும் இதே கேள்வி, இதே பதில்.

சில சைட் தடுக்காம வேற ஒண்ணு பண்ணும். காப்பி ஆகவிட்டு, நீங்க எடுத்த எழுத்துக்குப் பதிலாவோ அதோட சேர்த்தோ தன்னோட வரியை கிளிப்போர்டுல வச்சிடும். கிளிப்போர்டுன்னா காப்பி பண்ணது பேஸ்ட் பண்ற வரைக்கும் தங்கியிருக்குற தற்காலிக இடம். நாலு வரி எடுத்து நோட்ல ஒட்டுனா கடைசியில "முழுசா படிக்க இங்க வாங்க"ன்னு லிங்கோட ஒரு வரி ஒட்டிக்கிட்டு வரும் பாருங்க, அது இந்த வேலைதான்.

மூணாவதா ஒண்ணு இருக்கு, எழுத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒண்ணுமே வரையாத ஒரு பெட்டியைப் பரப்பி வைக்குறது. நீங்க எழுத்தைத் தொடுறதா நினைச்சு அந்தக் கண்ணாடியைத்தான் தொடுவீங்க. இது கொஞ்சம் அரிது, சொல்லிட்டு நகர்ந்துடுறேன்.

## பிரவுசர் ஏன் இதுக்கெல்லாம் தலையாட்டுது?

நியாயமான கேள்வி. உங்க கம்ப்யூட்டர்ல ஓடுற பிரவுசர் யாரோ அனுப்பின புரோகிராம் பேச்சை ஏன் கேக்கணும்?

ஏன்னா அதே வசதி இல்லன்னா நெட்ல பாதி விஷயம் வேலையே செய்யாது. பிரவுசருக்குள்ளயே கடிதம் டைப் பண்ற சைட்ல ரைட் கிளிக் பண்ணா அந்த எடிட்டரோட மெனுதான் வரணும், பிரவுசர் மெனு வந்தா பிரயோஜனம் இல்ல. மேப்பைப் பிடிச்சு இழுத்தா மேப் நகரணும், அதுல இருக்குற ஊர்ப் பேரெல்லாம் நீலமாயிடக் கூடாது. ஒரு பட்டனை வேகமா ரெண்டு தட்டு தட்டினா அதுல இருக்குற எழுத்து செலக்ட் ஆகக் கூடாது. இந்த மாதிரி தேவைக்காக உண்டாக்கின வசதியைத்தான் சிலர் எடுத்து முழுக் கட்டுரை மேலயும் போர்த்திடுறாங்க.

ஆனா பிரவுசர் எல்லாத்துக்கும் தலையாட்டுறதில்ல. க்ரோம்ல புது டேப் திறக்குற கன்ட்ரோல் டி, டேப்பை மூடுற கன்ட்ரோல் டபிள்யூ, இந்த மாதிரி சில கீகளை சாதாரணமா எந்தப் பக்கமும் பிடிச்சு நிறுத்த முடியாது, அதை பிரவுசர் தனக்குன்னு ஒதுக்கி வச்சுக்கும். மேல முகவரி டைப் பண்ற பட்டை, ஓரத்துல மூணு புள்ளி மெனு, அங்கயும் பக்கத்தோட புரோகிராம் எட்டிப் பார்க்க முடியாது. காவல்காரருக்கு உங்க வீட்டுல ஒரு அறைதான் எல்லை. இந்த எல்லைதான் அடுத்து சொல்லப் போற எல்லா வழிக்கும் சூட்சுமம்.

## அப்போ எழுத்தை எடுக்குறது எப்படி

நான் முதல்ல பார்க்குறது ரீடர் மோட். ஃபயர்ஃபாக்ஸ்ல முகவரிப் பட்டையோட வலது ஓரத்துல ஒரு சின்ன தாள் மாதிரி ஐகான் வரும், சஃபாரியிலயும் இந்த வசதி 2010லேர்ந்தே இருக்கு. இதை அழுத்தினா பிரவுசர் அந்த மரத்துலேர்ந்து கட்டுரையோட எழுத்தை மட்டும் பொறுக்கி எடுத்து தன்னோட சொந்தத் தாள்ல புதுசா வரைஞ்சு காட்டும். சைட்டோட சிஎஸ்எஸ் வராது, ஜாவாஸ்க்ரிப்டும் வராது, அதனால தடையும் வராது. விளம்பரமும் போயிடும், கண்ணுக்கும் இதம். எல்லாப் பக்கத்துக்கும் அந்த ஐகான் வராது, கட்டுரை மாதிரி இருக்குற பக்கத்துக்குத்தான் வரும், ஆனா நம்ம தவிக்குறது பெரும்பாலும் அந்த மாதிரிப் பக்கத்துலதானே.

ஃபயர்ஃபாக்ஸ் வச்சிருக்குறவங்களுக்கு இன்னொண்ணு, ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ரைட் கிளிக் பண்ணா பக்கம் என்ன சொன்னாலும் பிரவுசரோட மெனு வந்துடும். பல வருஷமா இருக்குற வசதி, பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்குக் காட்டினா இன்னைக்கும் ஆச்சரியப்படுறாங்க.

அடுத்தது ஜாவாஸ்க்ரிப்ட்டை அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் நிறுத்துறது. க்ரோம்ல முகவரிக்கு இடது பக்கம் இருக்குற சின்ன ஐகானைத் தட்டி, சைட் செட்டிங்ஸ் போய், ஜாவாஸ்க்ரிப்ட்ங்குற இடத்துல பிளாக்னு வச்சிட்டு பக்கத்தை ரீலோட் பண்ணா காவல்காரர் வரவே மாட்டாரு. வேலை முடிஞ்சதும் மறக்காம திருப்பி வச்சிடுங்க, இல்லன்னா நாளைக்கு அந்த சைட்ல லாகின் பட்டன் வேலை செய்யலன்னு மண்டையை உடைச்சுக்குவீங்க. இன்னொரு விஷயம், சில சைட்ல கட்டுரையையே ஜாவாஸ்க்ரிப்ட்தான் கொண்டுவந்து கொட்டும், அங்க இதைப் பண்ணா வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

அந்த மாதிரி இடத்துக்குத்தான் இன்ஸ்பெக்ட். எஃப் 12 அழுத்தணும், அதையும் தடுத்திருந்தா மூணு புள்ளி மெனுவுல போய் டெவலப்பர் டூல்ஸ் எடுக்கணும். முதல் தடவை பார்க்குறவங்களுக்கு விமானத்தோட காக்பிட் மாதிரி தெரியும், பயப்படாதீங்க, அதுல இருக்குற எதைத் தொட்டாலும் உங்க திரையில மட்டும்தான் மாறும், சைட்டுக்கு ஒண்ணும் ஆகாது, ரீலோட் பண்ணா பழையபடி வந்துடும். மேல ஒரு அம்புக்குறி இருக்கும், அதை அழுத்திட்டு கட்டுரையோட ஏதாவது ஒரு பத்தியைத் தட்டுங்க. ஒரு பக்கம் மரத்துல அந்தக் கிளை தெரியும், இன்னொரு பக்கம் அதுக்குப் போட்ட சிஎஸ்எஸ் வரிகள் வரிசையா தெரியும். அந்த வரிசையில கீழ போனா, பெரும்பாலும் பாடிக்கு எழுதின பகுதியில, 'யூசர்-செலெக்ட்: நன்' உக்காந்திருக்கும். மவுஸை அது கிட்ட கொண்டு போனா முன்னாடி ஒரு சின்ன டிக் பெட்டி தெரியும். அந்த டிக்கை எடுத்தா அந்த வரி மேல ஒரு கோடு விழும். இப்போ கட்டுரை மேல மவுஸை இழுங்க, நீலம் பரவும். இவ்வளவு நேரம் தடுத்துக்கிட்டு இருந்தது அந்த ஒரு வரிதான்னு கண்ணால பார்க்கும்போது வர்ற தெளிவு, நான் பக்கம் பக்கமா எழுதினாலும் வராது, அதனால ஒரு தடவையாவது செஞ்சு பாருங்க.

சிலர் வியூ சோர்ஸ் சொல்லுவாங்க, அதாவது கன்ட்ரோல் யூ. சர்வர் அனுப்பின ஹெச்டிஎம்எல்லை அப்படியே காட்டுறது. இதுலயும் எழுத்து இருக்கும், ஆனா குறிப்புகளோட கலந்து இருக்கும், பொறுக்கி எடுக்கப் பொறுமை வேணும். வியூ சோர்ஸ் காட்டுறது பார்சல் வந்தப்போ எப்படி இருந்துச்சோ அது, இன்ஸ்பெக்ட் காட்டுறது இப்போ இந்த நிமிஷம் மரம் எப்படி இருக்கோ அது. ஜாவாஸ்க்ரிப்ட் பின்னாடி கொண்டு வந்த எழுத்து முதல்ல சொன்னதுல இருக்காது.

பிரின்ட் கொடுத்து பிடிஎஃப்பா சேமிக்குறதும் பல நேரம் ஒத்து வரும்.

ஆக இந்த வழி எல்லாத்துலயும் நடக்குறது ஒண்ணுதான், சைட்டோட சர்வரை யாரும் தொடல, எந்தப் பூட்டையும் யாரும் உடைக்கல, உங்க பிரவுசர்கிட்ட "அந்தப் புரோகிராம் சொல்றதை இப்போ கேக்காத"ன்னு மட்டும்தான் சொல்றீங்க. இதை ஹேக்கிங்னு சொல்றது தப்பு.

## எழுத்து எழுத்தாவே வராத இடம்

இங்கதான் விஷயம் சுவாரஸ்யமாகுது. சில சைட் எழுத்தைப் படமா அனுப்பும். பார்க்க எழுத்து மாதிரி இருக்கும், ஆனா மரத்துல எழுத்தே இருக்காது, ஒரு படம்தான் இருக்கும். கன்ட்ரோல் எஃப் போட்டு கண்ணு முன்னாடி தெரியுற ஒரு வார்த்தையைத் தேடிப் பாருங்க, கிடைக்கலன்னா அது படமா இருக்க வாய்ப்பு அதிகம். அங்க மேல சொன்ன எந்த வழியும் உதவாது. படத்தைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்குற ஓசிஆர்தான் கதி. ஓசிஆர்னா படத்துல இருக்குற வடிவத்தைப் பார்த்து இது இன்ன எழுத்துன்னு ஊகிக்குற மென்பொருள். கூகுள் லென்ஸ் தமிழையும் படிக்கும், கம்ப்யூட்டர்ல டெஸராக்ட்னு ஒண்ணு இலவசமா கிடைக்குது. ஊகம்ங்குறதால தப்பும் வரும், தமிழ்ல 'ர'வும் துணைக்காலும் ஒண்ணு போல இருக்குறது, ஒ ஓ ரெண்டுக்கும் ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசம்ங்குறது, இதெல்லாம் ஓசிஆர் தடுக்கி விழுற இடம். எடுத்தா ஒரு தடவை மூலத்தோட ஒப்பிட்டுப் படிச்சிடுங்க.

இன்னொரு தந்திரம் எழுத்துரு மாத்துறது. இதைத் தமிழ் படிக்குறவங்களுக்கு விளக்குறது ரொம்ப சுலபம், ஏன்னா நாம இதை வருஷக்கணக்கா அனுபவிச்சிருக்கோம். கம்ப்யூட்டருக்கு உள்ள எழுத்துங்குறது ஒரு எண்தான். அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரையணும்னு சொல்றது ஃபான்ட். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவா எண் கொடுக்குற யூனிகோட் முறை பரவலாகுறதுக்கு முன்னாடி பாமினி மாதிரி ஃபான்ட்ல டைப் பண்ணுவோமே, அதுல திரையில 'தமிழ்'னு அழகா தெரியும், உள்ள இருந்ததோ ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். 'ஜே'க்கு 'த' வடிவத்தை வரைஞ்சு வச்சிருந்தது ஃபான்ட். அந்த ஃபான்ட் இல்லாத இடத்துல ஒட்டினா அந்த ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். பழைய பிடிஎஃப்லேர்ந்து காப்பி பண்ணி இதைப் பார்க்காத தமிழ் ஆளே இருக்க மாட்டாங்க.

அதே வேலையைத்தான் சில சைட் வேணும்னே பண்ணுது. உள்ள எழுத்தையெல்லாம் இடம் மாத்திக் கலைச்சிட்டு, அந்தக் கலைச்சலைச் சரியா வரைய ஒரு ஃபான்ட்டைக் கூடவே அனுப்பும். கண்ணுக்குச் சரியா தெரியும், காப்பி பண்ணா குப்பை வரும். நீங்க செஞ்ச தப்பு இதுல ஒண்ணும் இல்ல. இதுக்கும் ஓசிஆர்தான் நேர் வழி.

## எழுத்து வரவே வராத இடம்

முதல் ரெண்டு பத்தியைக் காட்டிட்டு "மீதியைப் படிக்க சந்தா கட்டுங்க"ன்னு நிக்குற சைட்டையும் காப்பி தடையையும் பல பேர் ஒண்ணா போட்டுக் குழப்புறாங்க. சரியா செஞ்ச சந்தா சைட்ல மீதிக் கட்டுரையை சர்வர் அனுப்பியே இருக்காது. புத்தகம் லைப்ரரியிலயே இருக்கு, உங்க வீட்டுக்கு வரல. இன்ஸ்பெக்ட் போட்டு எவ்வளவு தோண்டினாலும் இல்லாததை எடுக்க முடியாது, அதை எழுதினவங்களுக்குக் காசு போய்ச் சேரணும்ங்குறதும் நியாயம்தான்.

டிஆர்எம்ங்குறதும் வேற. மின்புத்தகம், சினிமா இதையெல்லாம் குறியாக்கம் பண்ணி, அதாவது சாவி இல்லாம படிக்க முடியாதபடி கலைச்சு அனுப்புறது. அது நிஜப் பூட்டு. அதை உடைக்குறதைப் பல நாட்டுச் சட்டம் தனியா தடை பண்ணியிருக்கு. இந்தக் கட்டுரையில சொன்ன எதுவும் அதுக்குப் பொருந்தாது.

## இந்தத் தடை யாரைத் தடுக்குது?

எனக்கு இதுலதான் ஆதங்கம். காப்பி தடை போடுறவங்க சொல்ற காரணம் "எங்க கட்டுரையைத் திருடி வேற சைட்ல போடுறாங்க". திருட்டு நடக்குது, அது உண்மை, கஷ்டப்பட்டு எழுதினது மறுநாள் இன்னொருத்தர் பேர்ல வந்தா வயிறு எரியும். ஆனா மொத்தமா திருடுறவங்க யாரும் மவுஸை இழுத்து உக்காந்து எடுக்குறதில்ல. ஸ்க்ரேப்பர்னு சொல்ற புரோகிராம் நேரா சர்வர்கிட்ட போய் ஹெச்டிஎம்எல்லை வாங்கிட்டுப் போயிடும். அதுக்குத் திரையே கிடையாது, மவுஸ் கிடையாது, காவல்காரர் யார் கையைப் பிடிப்பாரு?

அப்போ மாட்டுறது யாருன்னா, வார்த்தைக்கு அர்த்தம் தேடுற மாணவர். வேற மொழிப் பக்கத்தை மொழிபெயர்த்துப் புரிஞ்சுக்க நினைக்குறவர். தப்பு ஒண்ணைப் பார்த்துட்டு "இந்த வரியில எழுத்துப்பிழை இருக்கு"ன்னு எழுதினவருக்கே சொல்ல நினைக்குற வாசகர். அங்க போட்டிருக்குற ஒரு முகவரியை மேப்ல தேட வேண்டியவர். பார்வை குறைவா இருக்குறவங்க சிலர் ஒரு பத்தியை மட்டும் செலக்ட் பண்ணி கம்ப்யூட்டரைப் படிக்கச் சொல்லிக் கேப்பாங்க, செலக்ட் ஆகலன்னா அவங்களுக்கு அந்தப் பக்கமே பாதி மூடின மாதிரி.

1970கள்ல ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துல லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் கட், காப்பி, பேஸ்ட்டை இன்னைக்கு நாம பண்ற வடிவத்துக்குக் கொண்டு வந்தாங்க. டெஸ்லர் 2020ல காலமானார். கம்ப்யூட்டரைத் தொடாத ஆளும் சுலபமா எழுத்தை நகர்த்தக் கத்துக்கணும்ங்குறதுதான் அவங்க நோக்கம். அதைப் பிடுங்கி வைக்கும்போது வாசகர்கிட்டேர்ந்து எவ்வளவு பிடுங்குறோம்னு சைட் நடத்துறவங்க யோசிக்கணும்.

இதோட தம்பி மாதிரி ஒரு தடை இருக்கு, பேஸ்ட் பண்ண விடாம வைக்குறது, அதுலயும் முக்கியமா பாஸ்வேர்டு போடுற இடத்துல. ஒரு சைட்ல நான் பாஸ்வேர்டு மேனேஜர்லேர்ந்து, அதாவது பாஸ்வேர்டையெல்லாம் சேமிச்சு வைக்குற மென்பொருள்லேர்ந்து எடுத்த இருபத்தஞ்சு எழுத்தை ஒண்ணொண்ணா பார்த்து டைப் பண்ணி, நடுவுல ஒண்ணு தப்பாகி, மூணு தடவைக்கு மேல ஆனதால கணக்கு முடங்கி, மறுநாள் வரைக்கும் காத்திருந்தேன். இது பாதுகாப்புக்குன்னு சொல்லுவாங்க. ஆனா நடக்குறது தலைகீழ், டைப் பண்ண சலிச்சுப்போய் ஜனங்க சின்ன பாஸ்வேர்டா வைக்க ஆரம்பிச்சிடுவாங்க. பிரிட்டனோட தேசிய இணையப் பாதுகாப்பு மையம் 2017லயே பாஸ்வேர்டை பேஸ்ட் பண்ண விடுங்கன்னு எழுதிடுச்சு, அதே வருஷம் அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டோட வழிகாட்டுதலும் பேஸ்ட்டை அனுமதிக்கணும்னு சொல்லிடுச்சு. இன்னும் தடுத்துட்டு இருக்குற சைட்கள் இதைப் படிக்கணும்.

இந்தத் தடைக்கும் மருந்து அதேதான், பேஸ்ட்டும் ஒரு ஈவென்ட்தான். ஃபயர்ஃபாக்ஸ்ல அபௌட் கான்ஃபிக்ங்குற உள் அமைப்புப் பக்கத்துல கிளிப்போர்டு ஈவென்ட்டையே அணைச்சு வைக்குற ஒரு அமைப்பு இருக்கு. ஆனா அதை நிரந்தரமா அணைச்சா பிரவுசர்ல ஓடுற எடிட்டர் சிலதுல காப்பி பேஸ்ட் கெட்டுப்போகும், அதனால தேவைப்படும்போது மட்டும்.

## எடுக்க முடியுறது வேற, எடுத்துப் போடுறது வேற

இதைச் சொல்லாம விட்டா நான் பாதி உண்மை சொன்னவனாயிடுவேன். காப்பி தடை இருந்தாத்தான் காப்புரிமை இருக்கு, தடை இல்லன்னா யாரும் எடுத்துக்கலாம்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. பெர்ன் உடன்படிக்கைங்குற சர்வதேச காப்புரிமை ஒப்பந்தத்துல சேர்ந்த நாடுகள்ல எழுதினவருக்கு எழுதின உடனே உரிமை வந்துடும், பதிவு பண்ண வேண்டியதில்ல, கீழ எச்சரிக்கை போட வேண்டியதில்ல, ரைட் கிளிக்கைத் தடுக்க வேண்டியதும் இல்ல. அதே மாதிரி தடை இருக்குங்குறதாலயே ஒரு வரி எடுக்குறது குத்தமாயிடாது. விமர்சனம் எழுத, படிப்புக்குக் குறிப்பெடுக்க, அளவா மேற்கோள் காட்ட பல நாட்டுச் சட்டம் இடம் கொடுக்குது, அளவும் நிபந்தனையும் நாட்டுக்கு நாடு மாறும்.

அதனால கேக்க வேண்டிய கேள்வி எடுத்ததை என்ன பண்ணப் போறீங்கங்குறதுதான். உங்க நோட்ல வச்சுப் படிக்கவா, அகராதியில போடவா, நாலு வரியை எழுதினவர் பேரோடயும் லிங்க்கோடயும் காட்டவா, தாராளமா பண்ணுங்க. முழுக் கட்டுரையையும் தூக்கி உங்க பேர்ல போடவா, அப்போ அந்த சைட்ல தடை இருந்தாலும் இல்லாட்டியும் அது திருட்டுதான்.

## எக்ஸ்டென்ஷன் போடுறதுக்கு முன்னாடி, பேஸ்ட் பண்றதுக்கு முன்னாடி

காப்பி தடையை நீக்குற எக்ஸ்டென்ஷன் நிறைய கிடைக்குது. வேலையும் செய்யும். ஆனா போடும்போது அது கேக்குற அனுமதியை ஒரு நிமிஷம் நின்னு படிங்க. பெரும்பாலும் "எல்லா வெப்சைட்லயும் இருக்குற உங்க தகவலைப் படிக்கவும் மாத்தவும்"னு இருக்கும். ஒவ்வொரு பக்கத்துலயும் அந்தத் தடையைத் தேடி எடுக்கணும்னா அதுக்கு அந்த அனுமதி தேவைதான், ஆனா அதே அனுமதியில உங்க மெயிலும் பேங்க் பக்கமும் சேர்ந்து வந்துடுது. நல்ல எக்ஸ்டென்ஷனா இருந்தாலும் நாளைக்கு வேற ஒருத்தர் கைக்கு மாறலாம். மாசத்துக்கு ரெண்டு தடவை தேவைப்படுற வேலைக்கு ரீடர் மோடும் இன்ஸ்பெக்ட்டும் போதும்ங்குறது என் கருத்து. போட்டே ஆகணும்னா, தட்டினாத்தான் வேலை செய்யணும்னு அதோட அமைப்பை மாத்தி வைங்க, க்ரோம்ல அந்த வசதி இருக்கு.

கடைசியா பேஸ்ட் பண்ற இடத்துக்கு வரேன். கிளிப்போர்டுல சைட் தன் இஷ்டத்துக்கு வேற எழுத்தை வைக்க முடியும்னு மேல சொன்னேன்ல, அதைக் கெட்ட எண்ணத்தோட பயன்படுத்துறவங்களும் இருக்காங்க. திரையில ஒரு கட்டளை தெரியும், நீங்க காப்பி பண்ணி டெர்மினல்ல, அதாவது கம்ப்யூட்டருக்குக் கட்டளையை டைப் பண்ணிக் கொடுக்குற ஜன்னல்ல ஒட்டினா வேற கட்டளை விழும், அதோட முடிவுல என்டரும் சேர்ந்திருந்தா நீங்க படிச்சுப் பார்க்குறதுக்குள்ள ஓடியும் போயிடலாம். அதனால நெட்லேர்ந்து எடுத்த எந்தக் கட்டளையையும் முதல்ல ஒரு நோட்பேட்ல ஒட்டி, என்ன வந்திருக்குன்னு பார்த்துட்டு, அங்கிருந்து எடுத்துப் போடுங்க. சாதாரண எழுத்துக்கு கன்ட்ரோல் ஷிஃப்ட் வி பல இடத்துல வேலை செய்யும், அந்த சைட்டோட நிறம், அளவு, பின்னணி எல்லாத்தையும் விட்டுட்டு வெறும் எழுத்தை மட்டும் ஒட்டும். ஒட்டினதும் கடைசி வரியை ஒரு தடவை பாருங்க, நீங்க எடுக்காத ஒரு லிங்க் அங்க நின்னுக்கிட்டு இருக்கலாம்.